ஸ்பேர் ஒயர்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் இரண்டே ஓட்டைகள். ஒன்றைச் சுற்றி மஞ்சள் வளையம், மற்றதைச் சுற்றி வெள்ளை. அப்பா வாங்கி வந்த சிடி பிளேயரின் ஒயருக்கோ மூன்று தலை. மஞ்சளைச் செருகினால் படம் வந்தது, வெள்ளையைச் செருகினால் சத்தம் வந்தது. சிவப்புக்கு மட்டும் போக இடமில்லை.

அப்பா புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிறவர். சட்டையின் உள்பக்கம் கூடுதலாக ஒரு பட்டனைத் தைத்து அனுப்புவது அங்கே வழக்கம். உலகத்தில் எல்லாப் பொருளையும் அப்படித்தான் செய்வார்கள் என்று அவர் நம்பினார்.

“ஏட்டி, அது ஸ்பேரு. வெள்ளை கெட்டுப்போனா மாட்டிக்கிடலாம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிவப்பின் இரண்டு முனையையும் துணியில் சுற்றி நூலால் கட்டித் தொங்கவிட்டார். தையல்காரர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்.

பிளேயர் வாங்கியதே சித்தியின் கல்யாண சிடியைப் பார்க்கத்தான். பசுவந்தனையில் அந்தக் கல்யாணம் நடந்து, அடுத்த பருத்தி வெடிப்பதற்குள் மாமா பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அன்றிலிருந்து அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை காய்ந்துபோகும், சோறு அப்படியே இருக்கும். அப்பா கெஞ்சினால், “பெறவு சாப்பிடுதேன்” என்பாள். அவள் மெலிவதைப் பார்த்து அப்பா பயந்துபோனார். தம்பி முகத்தைப் பார்த்தாலாவது தேறுவாள் என்று நினைத்தார்.

சிடியில் மாமா வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் ஓடிக்கொண்டிருப்பார். ஒரு இடத்தில் நின்று, யாரையோ பார்த்து வாயை அசைப்பார். கேட்பதென்னவோ ஒரு சினிமா டூயட். கல்யாணம் முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பாவிட்டால் ஸ்டுடியோக்காரருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

“ஏங்க, என்னமோ சொல்லுதானே?” என்பாள் அம்மா.

“சாம்பார் வேணுமான்னு கேப்பான்” என்பார் அப்பா. அம்மா தலையை ஆட்டுவாள். தட்டு அன்றைக்கும் காய்ந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தமே வரவில்லை. வெள்ளை ஒயரை எலி கடித்துப் போட்டிருந்தது. அப்பாவுக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சிவப்பை எடுத்து இரண்டு முனையையும் வெள்ளை இருந்த இடங்களிலேயே செருகப் போனார். பிளேயரில் சிவப்புக்கென்று தனி ஓட்டை இருந்ததை நான்தான் காட்டினேன். சரி, நிறத்துக்கு நிறம் இருக்கட்டும் என்று அங்கே ஒரு முனையையும், டிவியின் வெள்ளையில் மறுமுனையையும் செருகினார்.

பாட்டைக் காணோம். பாத்திரம் உருள்கிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம், யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம். ஸ்டுடியோக்காரர் பாட்டை ஒரு ஒயரிலும் மண்டபத்துச் சத்தத்தை இன்னொரு ஒயரிலும் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

“ஸ்பேர் மட்டம் போலருக்கு” என்று அப்பா முனகிக்கொண்டிருந்தபோதே மாமா வாளியோடு வந்து நின்றார்.

“ஏலே, எங்கக்கா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இங்கன ஒரு இலையப் போடுலே. யக்கா, வேல கெடக்கட்டும், வந்து உக்காந்து சாப்பிடு.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவசரமாக நிறுத்தப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தி முடிந்து படம் வேறு எங்கோ போனபிறகு அடுக்களைக்குப் போனாள். நான் எட்டிப் பார்த்தபோது, தட்டு நிறையச் சோறு போட்டு, அழுதுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா கோவில்பட்டியில் புது ஒயர் வாங்கி வருவதாகச் சொன்னார். இதுவே போதும் என்று அம்மா தடுத்துவிட்டாள். அதன் பிறகு வெகு நாள், மத்தியானமானால் அந்த சிடியைப் போடுவாள். மாமா கூப்பிடும் இடம் வந்ததும் எழுந்துபோய்த் தட்டோடு வந்து உட்காருவாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் பழையபடி ஆனது.

கல்யாணப் பந்தியைப் பார்த்தால் அம்மாவுக்குப் பசி வந்துவிடுகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பந்தி இலைகளில் இருந்த லட்டைப் பார்த்தால் எனக்கும் பசிக்கத்தான் செய்தது.