கண்டக்டரம்மாவின் மஞ்சள் ரோஜா

சித்தி அடுப்பைக் குறைத்தால் கவிதை வரப்போகிறது என்று அர்த்தம். கல்லூரிக்காக அவள் வீட்டில் தங்க வந்த புதிதிலேயே இதைக் கண்டுகொண்டேன். பட்டம் வாங்கி, வேலை தேடத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை. தீ சிறிதானதும் கரண்டியைத் தட்டில் வைப்பாள்.

"வெந்த உருளைக்கிழங்கு தோலைக் கழட்டுது, வேலை முடிஞ்சு வந்த ஆளு சட்டையைக் கழட்டுற மாதிரி. எப்படிடி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தீயைக் கூட்டிவிடுவாள். எதையும் எழுதி வைத்ததில்லை.

"கவிதை வெந்துருச்சா? அப்ப சோத்தைப் போடு," என்பார் சித்தப்பா.

காலையில் ஒரு லாட்ஜின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. மதியம் வீடு வந்ததும் முதலில் பால்கனிக்குப் போவாள். அங்கே தொட்டிகளில் புதினாவும் தக்காளியும் மிளகாயும் இருந்தன. போன கோடையில் கீழ்வீட்டுக் கண்டக்டரம்மாவின் மஞ்சள் ரோஜாவும் அவற்றோடு சேர்ந்தது. அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் புறப்பட்டபோது தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"போய்ச் சேந்த எங்க வீட்டுக்காரரு கையால வச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம். பாத்துக்கம்மா."

"என் புள்ள மாதிரி பாத்துக்கறேன்க்கா."

கொஞ்ச நாளில் அந்தத் தொட்டிக்குள் ஒரு புறா இரண்டு முட்டை இட்டது. சித்தி தண்ணீர்க் குவளையோடு பக்கத்தில் போனாலே எழுந்து பறந்துவிடும். ஓரமாகக் கரண்டியால் ஊற்றிப் பார்த்தாள், அப்போதும் பறந்தது. முட்டை சூடு ஆறிவிடும் என்று தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்தினாள்.

"வாடகை கேளுடி அதுகிட்ட," என்றார் சித்தப்பா.

"கொஞ்ச நாள்தானே. ரோஜா தாங்கும்."

தாங்கவில்லை. குஞ்சுகள் பறந்துபோனபோது தொட்டியில் முள்ளும் குச்சியும்தான் நின்றன. அடியில் ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையாக இருந்தது. சித்தி அதை வெட்டிச் சின்னத் தொட்டியில் நட்டு, பாதி அறுத்த பாட்டிலைக் கவிழ்த்து மூடினாள். அன்று அடுப்பைக் குறைக்கவில்லை.

கண்டக்டரம்மா திரும்பி வந்து குச்சியைப் பார்த்தார்.

"புறா முட்டை போட்டிருச்சுக்கா. விரட்ட மனசு வரல."

"புறாவுக்கு ஊரெல்லாம் ஜன்னல் இருக்கு. எனக்கு இந்த ஒரு செடிதானேம்மா இருந்துச்சு."

"அதுல வெட்டின கிளைதான் இது. பூவோட உங்க வீட்டுல கொண்டுவந்து வைக்கிறேன்."

அவர் படி இறங்கிப் போனார். அதன்பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் சுவரைப் பார்த்தபடி போவார். சித்தி தினமும் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். இலை விட்ட அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், இஸ்திரி மேசைக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டேன், டம்ளர் கழுவினேன். அவர்கள் போன பிறகு அரிசி களைந்து உலை வைத்தேன். உப்பு போட்டேனா என்று நினைவில்லாமல் மறுபடியும் போட்டேன். சித்தப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவள்மேல் எனக்குப் பாசம் இருந்ததா, பழக்கம்தானா என்று யோசித்தேன். விடை தெரியாதது கூட உறைக்கவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு வந்தது. ஊற்றினேன்.

சின்னத் தொட்டியில் மொட்டு வந்ததும் அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்டக்டரம்மா முந்தானையால் தொட்டியைத் துடைத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் தொட்டியோடு மாடி ஏறி வந்தார். பூ விரிந்திருந்தது. வெள்ளை. ஒற்றை அடுக்கில் ஐந்தே இதழ்கள்.

"அவர் வச்சது ஒட்டுச்செடிம்மா. ஒட்டுக்கு மேல இருக்கறதுதான் மஞ்சள். இது கீழ இருந்து கிளைச்ச காட்டு ரோஜா."

"சித்திக்கு அது தெரியாது அத்தை."

"தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்க மாட்டா. ஏமாத்துறவ இல்ல அவ."

தொட்டியை எங்கள் பால்கனியில் இறக்கி வைத்தார். என்னிடம் ஏதாவது எதிர்பார்க்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"நர்சரில வேற மஞ்சள் ரோஜா வாங்கித் தரட்டுமா?"

"நர்சரிக்குப் போக எனக்குக் கால் இல்லையா?" கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கினார். திருப்பத்தில் நின்று, "உன் சித்தி எனக்கு ஒரு செடி தரணும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கிச் சில்லறை குறித்துக் கொடுக்கிறவரின் குரல்.

"ஆமா அத்தை," என்றேன்.