சின்னத்தங்கம் துறையில் தண்ணீர் குடித்தது

அந்த ஆண்டில் சின்னத்தங்கத்துக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லாதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். கணவன் சொன்னான். வாவியில் மிதவை இழுக்கிற இராசதுரைகூடச் சொன்னான். குடித்த தண்ணீரை எங்கே போய் விடுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில், எருமைக்காரக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டவள் அவள். 1997இல் வயது நாற்பத்து மூன்று. கணவன் வல்லிபுரம் பதினாறு எருமைகளை மேய்த்தான். இவள் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, தயிர்ச் சட்டிகளைப் பெட்டியில் அடுக்கித் தலையில் சுமந்து, வாவியைக் கடந்து நாவற்குடாவிலும் காத்தான்குடியிலும் வீடு வீடாகக் கொடுத்து வந்தாள். திங்கள், புதன், வெள்ளி, சனி என்று கிழமையில் நான்கு நாள். பதினான்கு வருடப் பழக்கம். வல்லிபுரத்தை அனுப்ப முடியாது. ஆம்பிளைகள் அந்தக் கரைக்குப் போனால், இராணுவம் பிடித்து வைக்காமல் அன்றைக்கே திரும்ப விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மகள்மார் இருவரையும் அனுப்புவதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எடுப்பதில்லை.

கடப்பதற்கு இருந்தது பாதை. இரண்டு தோணிகளின் மேல் பலகை அடித்த மிதவையை அங்கே பாதை என்பார்கள். அதில் இருபது நிமிடம். இறங்கினால் இராணுவச் சோதனைச் சாவடி. ஆம்பிளைகளுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. குறைந்தது ஒன்றரை மணித்தியாலம், கூடினால் மூன்றரை. முன்பு துறையின் இரு பக்கமும் கரைச் சேற்றில் கண்ணா மரங்கள் அடர்ந்து நின்றன. பெண்கள் அவற்றுக்குள் ஒதுங்கிவிட்டு வருவார்கள். 1995இல் காவலரணுக்குப் பார்வை வேண்டுமென்று இருநூறு யார் தூரத்துக்கு எல்லாவற்றையும் வெட்டி வெளியாக்கினார்கள். அதன் பிறகு அங்கே ஒரு கோழிகூட மறைந்து நிற்க இடமில்லை.

ஆகவே துறையால் போய்வருகிற பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். முதல்நாள் பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் இல்லை. காலையில் பழஞ்சோற்றைப் பிழிந்தெடுத்துத் தின்றுவிட்டு, அந்த அருமையான நீரை மாட்டுத் தொட்டிக்குள் ஊற்றினார்கள். வழியில் வெற்றிலை. வாய் ஈரமாக இருந்தால் தாகம் ஏமாந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். சாற்றைத் துப்பித் துப்பி உடம்பில் மிச்சமிருந்த ஈரத்தையும் வெளியே விட்டார்கள். விரதம் பிடித்ததைச் சொல்வதுபோல, "நான் நேத்து மூண்டு மணிக்குக் குடிச்சதுகா" என்று ஒருத்திக்கு ஒருத்தி பெருமை வேறு.

ஜூலை மாதம் கச்சான் காற்று அனலாக வீசியது. சின்னத்தங்கத்துக்குப் பத்து நாளாகத் தலையிடி. உதடு வெடித்திருந்தது. பின்னேரங்களில் கெண்டைக்கால் இழுத்தது. சலம் கழித்தால் தேயிலைச் சாயம்போலப் போனது. பதினான்காம் திகதி திங்கட்கிழமை வரிசையில் நின்றபடியே விழுந்தாள். பதினொரு தயிர்ச் சட்டிகளும் உடைந்தன. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் சேலைன் ஏற்றினார்கள். வலது சிறுநீரகத்தில் கல் இருப்பதாகவும் கண்டுபிடித்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது டொக்டர் அம்மா சொன்னார்: "ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிக்க வேணும். தாகம் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிச்சுக்கொண்டே இருங்க. வேர்த்து வேலை செய்தால் கஞ்சித் தண்ணிக்கு உப்புப் போட்டுக் குடிங்க. சலம் வைக்கோல் நிறத்தைவிட வெளிறிப் போகவேணும். இப்பிடியே இருந்தால் அந்தச் சிறுநீரகம் பழுதாகிவிடும்."

"எங்க போறது டொக்டர்?"

"எங்க என்றால்?"

"சலத்துக்கு."

டொக்டர் பேனையை மூடினார். "அதுக்கு நீங்கதான் ஒரு ஏற்பாடு பார்க்க வேணும்."

சின்னத்தங்கம் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் வல்லிபுரம் தன் பங்குக்குத் தொடங்கினான். "குடிச்சா என்ன புள்ள? சீலையால மறைச்சிக்கிட்டு ஒரு ஓரமா இருந்திட்டு வாறதுதானே."

"நீங்க ஒரு நாளைக்குச் சீலையை உடுத்துக்கிட்டு அந்த வெளியில வந்து குந்துங்க பாப்பம். மண்மூட்டைக்கு அங்கால ரெண்டு பேர் தூரக்கண்ணாடியோட நிக்கிறானுகள்."

வல்லிபுரம் எருமை பார்க்கப் போய்விட்டான்.

அவள் கிராமத்து அதிகாரியான விதானையாரிடம் போனாள். அவர் கடிதம் எழுதினார். பதினேழு நாளில் பதில் வந்தது. மலசலகூடம் அமைக்கவிருக்கும் காணி யாருடையது, உறுதிப் பத்திரம் உண்டா என்று அதில் கேட்டிருந்தது. விதானையார் அதை மிகுந்த மரியாதையோடு அவளுக்கு வாசித்துக் காட்டினார். உறுதி எழுதி முடிவதற்குள் தன்னையும் சிறுநீரகத்தையும் சேர்த்துச் சுடலையில் எரித்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ஓகஸ்ட் பதினோராம் திகதி, திங்கட்கிழமை, தயிர்ப் பெட்டியோடு பன்னிரண்டு கிடுகும் நான்கு கம்பும் ஒரு கட்டுக் கயிறும் பாதையில் ஏறின. இராசதுரை தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, அவன் சுட்டுப்போடுவான்."

"சுட்டா ஒரேயடியாப் போறன். நீ இழு."

எட்டு மணி ஐந்துக்கு இறங்கினார்கள். வரிசையில் முப்பத்தொரு பெண்கள். வரிசைக்குப் பின்னால் பத்து யார் தள்ளி முதல் கம்பை நட்டபோதே சார்ஜன்ற் வந்துவிட்டான். தயிர்ச் சட்டிகளுக்குள் விட்டுப் பார்க்கும் இரும்புக் கம்பி கையில் இருந்தது.

"என்ன கட்டுறது?"

"மறைப்பு ஐயா. பொம்பிளைகளுக்கு."

"மறைப்பு சரியில்ல. உள்ளுக்கு ஆள் எங்களுக்குத் தெரியாது. குண்டு வைக்கிறது."

"ஐயா, நாங்க வைக்கப்போறது குண்டில்ல."

வரிசை சிரித்தது. சார்ஜன்றுக்கு விளங்கவில்லை. முகம் சிவந்தது. நல்லவேளையாக மங்கையற்கரசி ரீச்சர் வரிசையில் நின்றார். பெரியகல்லாற்றுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், சிங்களம் தெரிந்தவர். அவர் முன்னால் வந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, விசயத்தை ஒழுங்காக எடுத்துச் சொன்னார். சார்ஜன்ற் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னான்.

"உயரம் மூண்டடிதானாம்" என்றார் ரீச்சர். "கீழே ஒரு அடி திறந்திருக்க வேணுமாம். கால் தெரியவேணுமாம்."

"மேல மூண்டடி, கீழ ஒரு அடி. நடுவில ரெண்டடிக்குள்ள நான் என்னத்த மறைக்கிறது? ஆட்டுக்குட்டியா?"

"சத்தம் போடாதேங்கோ சின்னத்தங்கம்."

"போடாம எப்பிடி ரீச்சர்? எழும்பேக்க அவர் அங்கால திரும்பி நிப்பாரா, கேளுங்க."

ரீச்சர் அதைக் கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டார். சார்ஜன்ற் தன் இரும்புக் கம்பியை நிலத்தில் ஊன்றி அளந்தான். கடைசியில் உயரம் நான்கடி, கீழே பத்து அங்குலம் திறப்பு என்று தீர்ந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கையை உயர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் மறைப்பு எழும்பிவிட்டது. நான்கு மூலையும் நேராக, கயிறு இழுத்து, ஓட்டையில்லாமல் கட்டியிருந்தாள்.

ஒருத்தியும் போகவில்லை.

முப்பத்தொரு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை சப்பினார்கள். சின்னத்தங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்தாள்.

"என்னகா, கல்யாணப் பந்தலா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போங்கவன்."

"எனக்கு வரல்லகா" என்றாள் கண்ணகை. அவளும் தயிர்க்காரி, பக்கத்து வளவு.

"எப்பிடி வரும்? நேத்துப் பின்னேரம் தொடக்கம் ஒரு சொட்டு உள்ளுக்குப் போகல்ல. மறுகா எங்கால வாறது?"

"கட்டின நீ முதல்ல போவன்."

சின்னத்தங்கம் பதில் சொல்ல வாய் எடுத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் கிடுகுக் கட்டைத் தூக்க முன்னால் தான் செய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பழஞ்சோற்றைப் பிழிந்தாள், நீரை மாட்டுத் தொட்டிக்குள் ஊற்றினாள். மறைப்புக் கட்டப் போகிறவள், மறைப்பு இல்லாத நாளின் பழக்கத்திலேயே வந்திருந்தாள். தன்மேல் வந்த ஆத்திரத்தில் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"இராசதுரை! உன்ர தண்ணிக் கானைக் கொண்டா!"

அவன் கொண்டுவந்தான். எல்லோரும் பார்க்க, மணலில் சப்பாணி கட்டி இருந்து குடித்தாள். ஒரேயடியாக இல்லை. டொக்டர் சொன்னபடி ஐந்து மிடறு, பிறகு கொஞ்சம் விட்டு ஐந்து மிடறு. தண்ணீர் வெயிலில் சூடேறி, டீசல் மணத்தது. ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடித்தாள். பிறகு காத்திருந்தாள். வரிசை நகர்ந்தது. ஒன்பதரைக்கு அவள் முறை வந்தது.

"வா, வா" என்று கூப்பிட்டான் சார்ஜன்ற்.

"இருங்க ஐயா. இன்னும் வரல்ல."

"என்ன வரல்ல?"

ரீச்சர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். சின்னத்தங்கம் தன் இடத்தைப் பின்னால் நின்றவளுக்குக் கொடுத்தாள். அடுத்தவளுக்கும் கொடுத்தாள். தயிர்ச் சட்டிகளின் மேல் ஈரச்சாக்கைத் திருப்பிப் போட்டாள். "வேணாத நேரத்தில முட்டிக்கிட்டு வரும். வேணுமெண்டு இருந்தா இப்ப பவிசு" என்று தன் வயிற்றைத் திட்டினாள். இன்னும் ஒரு மிடறு குடித்தாள்.

பத்து மணி பத்துக்கு எழும்பினாள். கண்ணகை மறைப்புக்கு வெளியே கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். வரிசை முழுவதும் கடமைபோல வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டது. மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சின்னத்தங்கம் பார்க்கவில்லை.

சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். "கையை இறக்குகா. போலீஸ்காரிபோல நிக்கிறாய்."

கண்ணகை கையை இறக்கினாள். மறைப்பை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கானைப் பார்த்தாள்.

"தண்ணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஆனா மெதுவாக் குடி. உனக்குக் காவலுக்கு நான் கை தூக்கி நிக்கிறதெண்டா இண்டைக்கு இந்தத் தயிர் புளிச்சுப்போகும்."

"அப்ப வாணாமா?"

"குடிகா!" என்று அதட்டினாள் சின்னத்தங்கம். கண்ணகை கானைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் பெட்டிகளை மணலில் இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.