கைவிடப்பட்ட மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் காலைக் காட்சிக்குப் போனேன். தியேட்டரில் மொத்தம் பதினாறு பேர். அதில் எட்டுப் பேர் எங்கள் ஆட்கள்.

படம் பார்க்கப் போகவில்லை. ஒரு கல்யாணப் பேச்சைக் காப்பாற்றப் போனோம்.

கேட்டால் சிரிப்பீர்கள். சிரிப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை என் அக்கா மகன். வயது முப்பத்தொன்று. கச்சிராயபாளையத்தில் வீடு. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர் ஓட்டுகிறான். கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு நான் மேஸ்திரி. நாங்கள் வெட்டி ஏற்றினால் அவன் இழுத்துக்கொண்டு போவான். அப்பா இல்லாத பையன். கல்யாணப் பேச்சு எல்லாம் தாய்மாமன் தலையில்தான்.

சினிமாவிலும் நடிக்கிறான். பெயர் வராது. முகம் வரும்.

மூன்று வருடம் முன்பு கோமுகி அணைப் பக்கம் ஒரு சின்ன படக் கம்பெனி வந்தது. ஒரு வேன், பதினைந்து பேர். டிராக்டர் வேண்டும் என்றார்கள். இவன் ஓட்டிப்போனான். அன்றைக்குக் குடிகாரனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் இவனைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் தள்ளாடி நடந்து காட்டுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவன் நடந்தான். வாய்க்கால் ஓரம் வரை வந்து, விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்களாம்.

அவ்வளவுதான். முத்திரை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு படம். நாலிலும் குடிகாரன்.

ஏழுமலை குடிக்க மாட்டான். ஒரு சொட்டு கிடையாது.

முதல் படத்தை வீட்டில் எல்லோரும் போனில் பார்த்தோம். அவன் தள்ளாடி வரும்போது நாங்கள் சிரித்தோம். அக்கா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அந்த நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். செத்துப்போன என் மாமாவின், அவள் புருஷனின் நடை.

இவன் நடிக்கிற படங்கள் எல்லாம் ஒரே ஜாதி. சண்டை இல்லை. அரிவாள் இல்லை. காதல், கொஞ்சம் சிரிப்பு, நிறைய காபி. இவனுக்காக நானும் என் மனைவி செல்வியும் அப்படி ஒரு பதினைந்து படம் பார்த்திருப்போம்.

என்ன சொல்ல… பிடிக்கிறது. எரிச்சலும் வருகிறது.

ஹீரோவுக்குத் தாடி இருக்கும். ஒரு சோகம் இருக்கும். என்ன சோகம் என்று இடைவேளை வரை சொல்ல மாட்டார்கள். என்ன வேலை என்று கடைசி வரை சொல்ல மாட்டார்கள். கதாநாயகி தெருநாயோடு பேசுவாள். ஒரு காதில் தோடு இருக்கும், இன்னொரு காதில் இருக்காது. ஊரெல்லாம் குடை பிடிக்கும்போது இவள் மட்டும் நனைவாள். ஒரு நாளும் ஜலதோஷம் வராது! ஒரே ஒரு போன் பேசினால் தீர்கிற சண்டையை அரை மணி நேரம் இழுப்பார்கள்.

ஆட்களும் அதே ஆட்கள். கூச்சப்படுகிற பையன் எல்லாப் படத்திலும் கூச்சப்படுவான். ஹீரோவின் நண்பன் பேரன் எடுத்தாலும் நண்பன்தான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். ஆறு படமாகக் கேட்கிறார். அவரை ஒருவர்கூட "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. அந்தப் படங்களில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். மனதில் இருப்பதைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுப் பேச்சு "மோட்டார் போட்டியா?", "போட்டேன்" – அதோடு முடிந்தது. ஒரு படம் பார்த்த தைரியத்தில் செல்வியிடம் கேட்டேன்.

"இன்னா யோசிச்சிகினு இருக்க?"

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாங்க, ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

அதோடு விட்டுவிட்டேன்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ஏழுமலைக்கு ஆறு இடம் தட்டிப்போனது. ஏழாவது மணலூர்பேட்டை. பெண் பெயர் கௌசல்யா. ரத்தம் பரிசோதிக்கிற லேப்பில் வேலை. அப்பா கோவிந்தன், நெல்லும் கரும்பும் வைக்கிறவர். திருநாவலூர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அடுத்து அவர்கள் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும்.

வந்தார்கள். கோவிந்தனும் அவர் தங்கையும். அக்கா கேசரி, வடை செய்திருந்தாள். எங்கள் பக்கம், சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தட்டைத் தொடாமல்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது.

அந்தத் தங்கை, கௌசல்யாவின் அத்தை, மெதுவாகப் போனை எடுத்தார்.

"இது யாருங்க?"

போனில் ஏழுமலை ரோட்டில் புரண்டுகொண்டிருந்தான்.

"அது சினிமாங்க. நடிப்பு" என்றேன்.

கோவிந்தன் போனை வாங்கிப் பார்த்தார். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"நடிப்பா? குடிக்காதவன் இவ்ளோ சுத்தமா எப்பிடிங்க வுழுவான்?"

எங்கள் மாவட்டத்தில் பெண் கொடுக்கிறவர்கள் இப்போது முதலில் கேட்பது நிலத்தை இல்லை. சம்பளத்தை இல்லை. குடிப்பானா? ஏன் என்று உங்களுக்கு நான் விரித்து எழுத வேண்டாம். கேட்பது நியாயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நடிப்பு மோசமாக இருந்திருந்தால் பையன் தப்பித்திருப்பான்.

அவர்கள் எழுந்துவிட்டார்கள். அக்கா வாசல் வரை போனாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏங்க, அடுத்த வாரம் புதுப் படம் ஒண்ணு வருது. அதுல குடிகாரன் இல்லிங்க. மாப்ள வேஷம். பட்டு வேட்டி, நல்ல பையன். ஒரு தடவ எல்லாருமா வந்து பாருங்க. அப்புறம் முடிவு சொல்லுங்க."

"மாமா, அது வேணாம்…" என்றான் ஏழுமலை.

"நீ சும்மா இர்ரா. பெரியவங்க பேசிகினு இருக்கம் இல்ல?"

கோவிந்தன் செருப்பை மாட்டினார். "சரி. பொண்ணயும் இட்டுகினு வர்றேன்" என்றார்.

பதினைந்து படம் பார்த்தவன் நான். அந்த மாதிரிப் படங்களில் வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? பட்டு வேட்டி கண்ணை மறைத்துவிட்டது.

தியேட்டரில் அவர்கள் நாலு பேர் – கோவிந்தன், அவர் மனைவி, தங்கை, கௌசல்யா. நாங்கள் நாலு பேர் – நான், செல்வி, அக்கா, ஏழுமலை. பின்னால் ஒரு வரிசையில் கல்லூரிப் பையன்கள்.

இடைவேளைக்குப் பிறகு ஏழுமலை வந்தான். தலை சீவி, பொட்டு வைத்து, மீசையை ஒழுங்கு செய்து… நம் பையனா என்று இருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோவிந்தன்கூடத் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அது கால் மணி நேரம்தான்.

கல்யாண மண்டபம் வந்தது. மழை வந்தது. கதாநாயகி மாப்பிள்ளை அறைக் கதவைத் தட்டி, "எனக்கு வேற ஒருத்தர் மேல…" என்று ஆரம்பித்தாள்.

ஏழுமலை மாலையோடு நின்றான். "சரிங்க. வாங்க, நானே கொண்டு வுடுறேன்" என்றான். தன் ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மழையில் வண்டி ஓட்டி, தாடிக்கார ஹீரோவின் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டான். அவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவன் ஹெல்மெட்டைத் திரும்ப வாங்க நின்றுகொண்டே இருந்தான்.

பின்னால் பையன்கள் சிரித்தார்கள். "பாவம்டா மாப்ள!"

அத்தை என் பக்கம் திரும்பினார். "மாலயோட நிக்கிற மாப்ளய வுட்டுட்டு ஒருத்தி ஓடுறா. நல்ல காரியம் பேசற நேரத்துல இத காட்டவா கூட்டியாந்தீங்க?"

சகுனம். அதை நான் மறந்தே போயிருந்தேன். மஞ்சள் குங்குமம் பேசுகிற இடத்தில் கல்யாண மண்டபத்தை விட்டுப் பெண் ஓடுகிற காட்சி! டிக்கெட் எடுத்துக் காட்டிய அறிவாளி உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

படம் முடிந்து வண்டி ஸ்டாண்டுக்கு வந்தோம். கோவிந்தன் சாவியை எடுத்துவிட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழாவது இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கௌசல்யா ஏழுமலையிடம் நேராகப் போனாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அந்தப் பொண்ணுக்கு ஹெல்மெட் மாட்டி வுட்டீங்களே, அது எழுதிக் குடுத்ததா?"

"இல்லிங்க. கோவமா 'ஏறு வண்டில'ன்னு கத்தணும்னாங்க. எனக்கு கத்த வரல. ஒரு ஹெல்மெட்தான் இருந்திச்சி. பின்னாடி ஒக்கார்றவங்களுக்கு குடுத்துட்டேன். டைரக்டரு, அப்பிடியே இருக்கட்டும்னுட்டாரு."

"அந்த குடிகார நட? அது யாரு சொல்லிக் குடுத்தது?"

ஏழுமலை தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"எங்கப்பா நடங்க அது. சின்ன வயசுல தெனமும் நான்தான் போய் இட்டுகினு வருவேன். எந்தக் காலு எப்ப மடங்கும்னு தெரியும். வுழறதுக்கு முன்னாடி புடிக்கணும் இல்ல… அதனால பாத்துகினே நடப்பேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோவிந்தன் கையில் சாவி ஆடுவது நின்றுவிட்டது. குடிக்காதவன் எப்படி விழுவான் என்று கேட்டவர் அவர். பதில் வந்துவிட்டது.

அத்தை மட்டும் விடவில்லை. "இருந்தாலும் கௌசி… சகுனம்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"இன்னா சகுனம் அத்த? அந்த தாடிக்காரன் மூணு நாளா போன எடுக்கல. வேல இன்னான்னே தெரியல. அவன நம்பி போறா. தான் நனைஞ்சிகினு, அவளுக்கு ஹெல்மெட் குடுத்து பத்திரமா கொண்டாந்து வுட்டாரு இவரு. படத்துலயே உருப்படியான ஆளு இவரு ஒருத்தருதான். வெவரம் பத்தாதவ வுட்டுட்டுப் போனா, அதுக்கு இவரு இன்னா பண்ணுவாரு?"

கோவிந்தன் முதல் தடவையாகச் சிரித்தார். என் பக்கம் வந்தார்.

"மேஸ்திரி, இனிமே எங்கள சினிமாவுக்கெல்லாம் கூப்டாதீங்க."

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"வளர்பிறையில ஒரு நாள் பாத்து, பொண்ணுக்கு பூ வைக்க வாங்க."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்விதான் "வர்றோங்க" என்றாள்.

வண்டி ஸ்டாண்டில் நின்று மனதில் இருப்பதை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது அந்த மாதிரிப் படங்களில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரிலும் நடக்கிறது. ஒரு காதில் மட்டும் தோடு போடாமல், இரண்டு காதிலும் போட்டுக்கொண்டே நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே வேஷம் கொடுக்கிறார்கள் என்று சினிமாக்காரர்களைத் திட்டினேன். நான் மட்டும் என்ன செய்கிறேன்? என் ஆட்களில் முருகன் என்று ஒருவர். முதல் வருடம் கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு, டிராக்டரில் சாய்த்து வைத்த பலகையில் ஜோராக ஏறினார். எட்டு வருடமாக ஏறிக்கொண்டே இருக்கிறார். திங்கட்கிழமை கேட்டேன், "ஏம்பா, வெட்டுக்கு வர்றியா? ஏறி ஏறி சலிச்சிப் போயிருக்குமே?"

"எட்டு வருஷமா வாயில இன்னா வச்சிருந்த மேஸ்திரி?" என்றார். அரிவாளை வாங்கிக்கொண்டு கரும்புக்குள் இறங்கிவிட்டார். நன்றாகவே வெட்டுகிறார்.

புதன்கிழமை டைரக்டர் ஏழுமலைக்குப் போன் செய்தார். புதுப் படமாம். இதிலும் கதாநாயகி கல்யாண மண்டபத்தில் விட்டுவிட்டு ஓடுகிற மாப்பிள்ளை. ஒரு முத்திரை போய் இன்னொரு முத்திரை! வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். அவன் அங்கேயே கௌசல்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

டிராக்டர் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"ஓடறவ ஓடட்டும், நீங்க நடிங்க. நான் இங்கதான இருக்கறேன்."