காயான்வெளியின் எல்லைக் கட்டைகள்

இந்தப் பயணத்துக்கு நீங்கள்தான் காரணம். "பாதுகாக்கப்பட்ட காட்டோரத்தில் குப்பை மீள்சுழற்சி நிலையமா?" என்று போன மாதம் நான் நாலு வரி எழுதப்போக, கீழே கருத்துப் பெட்டியில் நீங்கள் போட்ட சண்டையை வாசித்து முடிக்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நான் திட்டத்துக்கு ஆதரவு என்று தெரிந்ததும் ஒருவர், "கொழும்பிலிருந்து கொண்டு கதைக்காமல் இடத்தைப் போய்ப் பார்" என்று எழுதினார். ரோசம் வந்துவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் மருதமுனையில் பிறந்தவன். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குப்பையை எனக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. நெருக்கிக் கட்டிய வீடுகள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். குப்பை போக இடமில்லை. எங்காவது ஒரு இடத்தில் தரம் பிரித்து, உக்க வைத்து, பிளாஸ்திக்கை அரைத்தால் நல்லதுதானே? ஆட்சேபனை தெரிவிக்கவும் ஆதரவு தெரிவிக்கவும் கடைசி நாள் அன்றுதான், மாலை நான்கு மணி வரை. என் பையில் ஒரு ஆதரவுக் கடிதம் தயாராக இருந்தது. அப்படியே பறவை நாலைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது என் திட்டம்.

கொழும்பிலிருந்து கல்முனைக்கு இரவு பஸ், 2,800 ரூபாய். காலை 5.20க்கு இறக்கிவிட்டான். சுபஹுத் தொழுதுவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு ரொட்டியும் பிளேன்ரீயும் (210 ரூபாய், சம்பல் ஓசி) முடித்து, 6.10க்கு அன்சார் காக்காவின் (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) முச்சக்கர வண்டியில் ஏறினேன். போய் வர, காத்து நிற்க, எல்லாம் சேர்த்து 4,000. பேரம் பேசிப் பார்த்தேன். "ரோட்டப் பாத்துப்போட்டு மறுகா சொல்லுங்க, கூடவா குறையவா எண்டு" என்றார். பார்த்த பிறகு நான் வாயே திறக்கவில்லை.

மழைக்கு மேலால் வெள்ளம் பாய்கிற கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஓரடி வடிந்து, சல்வீனியாக் களை இரு பக்கமும் பாய் விரித்தது போலக் கிடந்தது. சவளக்கடை வரை தார் ரோடு. அதற்குப் பிறகு மண் ரோடு, அன்சார் காக்காவின் மீற்றர்படி 6.3 கிலோமீற்றர். இரு பக்கமும் பெரும்போக வெள்ளாமை கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. அதன் மேல் பனி. அப்படியொரு பனியை நான் எங்கள் பக்கத்தில் கண்டதில்லை. வண்டியின் முன் சில்லுக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை.

"காக்கா, நீங்க இந்தத் திட்டத்துக்கு ஓமா, இல்லையா?"

"குப்பைய வாய்க்குள்ளயா போடுற? வரட்டும். எண்ட மூத்தவனுக்கு அங்க ஒரு வேல எடுக்கலாம் எண்டு பாத்திருக்கன்."

நானும் அதே கட்சி என்றேன். இருவரும் சந்தோஷமாகப் போனோம்.

காயான்வெளி என்பது ஒரு சின்ன வட்டை, அதாவது வயல்வெளி. வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அந்த ஓரம்தான் திட்டத்துக்குக் கேட்கப்பட்ட நிலம். 7.05க்கு அதன் அருகில் போனோம். முதலில் எனக்கு உறைத்தது சத்தமின்மை. தை மாதத்தில், வயலும் காடும் சேருகிற இடத்தில், காலை ஏழு மணிக்கு ஒரு மைனாகூடக் கத்தவில்லை என்றால் நம்புவீர்களா? என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய பறவைப் பட்டியல் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வழியில் யானை லத்தி கிடந்தது. பழையது. அதற்குள்ளிருந்து நீல நிற ஷொப்பிங் பையொன்றின் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறெங்கோ குப்பை மேட்டில் தின்றுவிட்டு இங்கே வந்திருக்கிறது.

அன்சார் காக்கா திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். "அசையாதீங்க."

பனி சற்று விலகிய இடத்தில், நாற்பது யார் தூரத்தில் மூன்று பாறைகள். பாறைதானே என்று நான் கேட்க வாயெடுக்க, நடுப்பாறை காதை அசைத்தது. அல்லாஹ்வே! மூன்றும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. தின்னவில்லை, நகரவில்லை. "ட்ரெக்டர் சத்தம் எண்டு நினைச்சி வந்திரிக்கிகள். குப்பை கொண்டு வாற எண்டு" என்று காக்கா மூச்சோடு சொன்னார். இங்கே இன்னும் ஒரு கூடைக் குப்பையும் வரவில்லை. ஆனாலும் அவை காத்து நின்றன. எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு பனி நகர, அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு கொப்பு முறிகிற சத்தம்கூட இல்லை.

வண்டியை அதற்கு மேல் கொண்டுபோக அவர் மறுத்துவிட்டார். வயல் வாடியொன்றின் கூரை இடப்பக்கம் தெரிந்தது. அங்கே போய் இருப்போம், பனி விலகட்டும் என்று வரம்பால் நடந்தோம். அப்போதுதான் கண்டேன். வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில், பனிக்குள் இரண்டு கட்டைகள், ஆளுயர இடைவெளியில். பக்கத்தில் இன்னும் இரண்டு. அதற்கப்பால் இன்னும் இரண்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கபுறின், அதாவது புதைகுழியின், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை நடுவார்கள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு நடுவிலும் ஒன்று வைத்து மூன்று. கபுறடியைக் கடக்கும்போது அங்கே கிடப்பவர்களுக்குச் சலாம் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிப்போன பழக்கம். நான் நின்று, செருப்பைக் கழற்றி, "அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்" என்றேன்.

அன்சார் காக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "மிஸ்டர், அது மீசான் இல்ல. நிலமளக்க அடிச்ச கட்டை. சிவப்புப் பெயின்ற்றில நம்பர் போட்டிருக்கானுகள், பாருங்க."

கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். 41, 42. புதுக் கட்டை, தலையில் வெள்ளை, சிவப்பு நாடா. வெட்கம் பிடுங்கித் தின்றது. கொழும்புக்காரன் எல்லைக் கட்டைக்குச் சலாம் சொன்ன கதை கல்முனை பஸ் நிலையம் முழுக்கப் பரவும் என்று நினைத்தேன்.

"அவர் சொன்னது பிழையில்ல" என்றது ஒரு குரல்.

வாடியிலிருந்து வந்து நின்றவர் சுபைதா ராத்தா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையை இறுக்கித் தலையில் போட்டிருந்தார். காலெல்லாம் சேறு. கணவர் மௌத்தான பிறகு இந்த மூன்று ஏக்கரைத் தானே செய்கிற வயல்காரி. மகன் கட்டாரில்.

"அந்தக் கட்டைக்குக் கீழ ஆக்கள் கிடக்காங்க தம்பி. எண்ட ராத்தாவும் கிடக்கா."

யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பாதை பூட்டிக் கிடந்த ஒரு கிழமையில், அவருடைய மூத்த சகோதரி ஹபீபாவுக்கு இதே வாடியில் பிள்ளை வலி கண்டிருக்கிறது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தாயும் போனாள், பிள்ளையும் போனது. இருவரின் ஜனாஸாவையும் ஊருக்கு எடுக்க முடியாமல், காட்டோரத்தில் ஒரே கபுறில் அடக்கினார்கள். மீசானுக்குப் பலகை இல்லாமல் வாடிக் கதவைக் கழற்றி மூன்றாக அறுத்தாராம் அவருடைய வாப்பா. அதே மாதத்தில் உட்புறக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்களில் மௌத்தானவர்களையும் அங்கேயே அடக்கியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினொருவர். பலருடைய பெயர் அன்றைக்கே தெரியாது.

"போன மாசம் நான் மகள் ஊட்ட சாய்ந்தமருதுல நிண்ட. வாறத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிற்று. அளக்க வந்த பொடியனுகள் உக்கின கட்டையக் கண்டு பழைய எல்லைக் கட்டை எண்டு நினைச்சி, புடுங்கிப்போட்டு அதே குழிக்குள்ள புதுசு அடிச்சிருக்கானுகள். நடுக்கட்டை வேலைக்கு உதவாது எண்டு மூடிற்றானுகள். அவனுகளக் குறை சொல்லேலா. வெளியூர்ப் பொடியனுகள், அவனுகளுக்கு என்ன தெரியும்?"

"பழைய பலகையெல்லாம் எங்க ராத்தா?"

"எரிச்சித் தேத்தண்ணி வெச்சிக் குடிச்சிரிக்கானுகள். சாம்பலுக்குள்ள கதவுப் பிணைச்சல் கிடந்திச்சு."

அன்சார் காக்கா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பனி விலகிக்கொண்டிருந்தது. விலக விலகக் கட்டைகள் தெரிந்தன. முதலில் ஆறு. பிறகு பத்து. பிறகு காடு தொடங்குகிற இடம் வரை இரண்டிரண்டாக, எல்லாம் ஒரே திசைக்கு. ஒவ்வொன்றின் தலையிலும் நாடா காற்றில் படபடத்தது, அது ஒன்றுதான் அங்கே சத்தம். எண்ணினேன், இருபத்துநான்கு. அறிவித்தலோடு வந்த வரைபடத்தைப் போனில் திறந்து பெருப்பித்தேன். வடகிழக்கு மூலையில் 41 முதல் 64 வரை புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். அச்சுப் பிழை என்று விட்டிருக்கிறேன்.

ராத்தாவின் சிக்கல் இதுதான். ஆட்சேபனை கொண்டுபோனபோது, கபுறு இருப்பதானால் எது யாருடையது, உங்களுக்கு என்ன உறவு என்று ஒவ்வொன்றாக எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் வெறுங்காணி என்றுதான் பதிவாகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று கதவுப் பலகையும் இருந்தவரை ஹபீபாவின் கபுறு எது என்று தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்தில் நின்ற நாவல் மரமும் அடையாளம். மரத்தையும் மெசின் தோண்டி எடுத்துவிட்டது. இப்போது எல்லாம் இரண்டு, எல்லாம் ஒரே மாதிரி.

ஒவ்வொரு சோடியாகப் போய் நின்றார். குந்தி, உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தார். "இஞ்சதான்" என்பார். நாலடி போய், "இல்ல, இது" என்பார். 53இல் நின்று அழுதார். பிறகு 57க்குப் போனார். எனக்குத் தாங்கவில்லை, திரும்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் ஏதோ எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

வாடிக்குள் உரப்பையை விரித்துக்கொண்டு அன்சார் காக்காவின் கொப்பியில் கட்டம் போட்டேன். கட்டை எண், பெயர், உறவு. முதல் வரியில் 41, 42 என்று எழுதி, "பேர் என்னெண்டு போட ராத்தா?" என்றேன்.

"பேர் தெரியா எண்டு போடுங்க. உறவில, நான் தங்கச்சி எண்டு போடுங்க."

"இது ஹபீபா ராத்தாடையா?"

"ஆருக்குத் தெரியும்? பன்ரெண்டுலயும் அப்பிடியே போடுங்க."

ஹபீபாவின் பெயரைக் கடைசியில் தனி வரியில் எழுதினேன், கட்டை எண் இல்லாமல்.

போக நினைப்பவர்களுக்கு. கல்முனையிலிருந்து மொத்தம் 16 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மழை பெய்தால் தாம்போதியைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், சவளக்கடைக்கு அப்பால் கடை இல்லை. காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் அந்தக் காட்டோரத்தில் நிற்க வேண்டாம். பறவை பார்க்கப் போகாதீர்கள், ஏமாறுவீர்கள். கட்டைகளில் சாயாதீர்கள், பைகளைத் தொங்கவிடாதீர்கள். குப்பைக்கு ஒரு நிலையம் வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை, என் வீட்டுக் குப்பையும் அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். பையிலிருந்த கடிதத்தை நான் கொடுக்கவில்லை. உங்களில் யாருடைய வாப்பாவோ உம்மாவோ அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போய்த் திரும்பாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இது மட்டும் பகிடியில்லை.

நாங்கள் மூவரும் கல்முனைக்கு வந்து சேர 2.50. ஆட்சேபனை எடுக்கிற அலுவலகத்தில் ஒரு இளம் லிகிதர் கொப்பித் தாளை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்து மறுபடி மேலே போனார்.

"என்ன இது? பன்னிரண்டு பேருக்கும் நீங்க ஒராள்தான் தங்கச்சியா?"

"ஓம் மகன்."

"அதெப்பிடி?"

"இவ்வளவு காலமும் வேற ஆரும் வரல்ல" என்றார் சுபைதா ராத்தா. "ஆரும் உரிமை கேட்டு வந்தாச் சொல்லுங்க. அந்த வரிய நானே வந்து வெட்டி உடுறன்."

லிகிதர் எழுந்து உள்ளே போனார். ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையொப்பமிட எங்கே இடம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். பன்னிரண்டு வரிக்கும் தனித்தனியாக, பன்னிரண்டு தடவை வைத்தார்.