பிடி நழுவிய ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை காலைகளில் டாக்குரியா ஏரிக்கரையில் நடக்க வரும் வங்காளிகள், தொப்பையும் பனியனுமாக மூச்சிரைக்க ஓடும் தமிழ் ஆண்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். அந்த ஓட்டத்தை ஆரம்பித்துவைத்தவர் என் அப்பா.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஜாதவ்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். எங்கள் தமிழ்ச் சபை சின்னது. அதில் அடுத்தடுத்து இரண்டு பேர் மாரடைப்பில் போனார்கள். இருவருக்கும் ஐம்பது ஆகியிருக்கவில்லை. இரண்டாவது பெட்டியை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார்.

“நாம ஒழுங்கா ஜெபிக்கதும் இல்ல, ஒழுங்கா நடக்கதும் இல்ல. நம்ம பிள்ளைங்க யாரப் பாத்து வளரும்? ஆம்பளைங்க எல்லாரும் சனிக்கிழம காலைல லேக்குக்கு வாங்க. மகன்மாரையும் கூட்டிட்டு வாங்க.”

வந்தார்கள். ஆண்கள் ஐக்கியம் என்று சபையில் அதற்குப் பெயரும் விழுந்தது. ஏரியைச் சுற்றி ஓடுவார்கள், தண்டால் எடுப்பார்கள். பிறகு புல்லில் வட்டமாக உட்கார்ந்து ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லி, மகன்களுக்காகவும் அந்த மகன்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்பார்கள். அம்மா நர்ஸ். சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி இருக்கும் என்பதால் அண்ணனோடு என்னையும் அப்பா கூட்டிப்போக வேண்டியிருந்தது. இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்காக அவர்கள் கண்ணீர்விட்டு ஜெபிப்பதை, ஏற்கெனவே பிறந்துவிட்ட நான் பசியோடு கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லாம் முடிந்து, ஓடிக் கரைத்த கொழுப்பை ரயில் நிலையம் பக்கத்தில் எண்ணெயில் பொரித்த கொச்சூரி விற்கும் கடையில் எல்லாரும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

எங்களோடு இருந்த சித்தப்பா மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அப்பாவின் தம்பி. நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ராத்திரி ஷிப்ட் என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்வார். “கீபோர்டத் தட்டுதத எக்சர்சைஸ்னு நெனச்சிட்டிருக்கான்” என்று அப்பா சிரிப்பார்.

ஒரு குளிர்காலத்தில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கைகள் திடீரென்று மடங்கின. முகம் புல்லில் போய் இடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். மூக்கில் மண்ணோடு அப்பாவும் சிரித்தார். வெள்ளிக்கிழமை உபவாசத்தின் களைப்பு என்றார். ஆனால் அதற்குப் பிறகு சட்டைப் பொத்தான் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஒருநாள் அம்மா வந்து தானே போட்டுவிட்டாள். போட்டு முடித்த பிறகும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐக்கியத்து ஆண்கள் அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அப்பா உபவாச நாட்களைக் கூட்டினார், ஓட்டத்தையும் கூட்டினார். ஏரிக்கரையில் இரண்டு முறை விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார். தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் நோய் என்றார்கள். மருந்து இல்லை என்றும் சொன்னார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அப்பாவால் படியிறங்க முடியாமல் போய்விட்டது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர் வருவார்கள். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, விழாமலிருக்க அம்மாவின் பழைய சேலையால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடியும் இறக்குவார்கள்.

“நான் சொல்லிக்குடுத்த தண்டால் வீண்போகல, என்னடே?” என்பார் அப்பா. அவர்களில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அவர் மட்டும் சிரிப்பார்.

குருத்தோலை ஞாயிறன்று நால்வரில் ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை. சித்தப்பா குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்தார். “நான் பிடிக்கேன் அண்ணே.” அப்பாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். “கடைசில நீயும் ஐக்கியத்துல சேந்துட்ட” என்றார்.

நான் ஓலையும் கையுமாக முன்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடம். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்புவதற்குள் நாற்காலி சாய்ந்து, அப்பாவோடு படிகளில் உருண்டு என்னைத் தாண்டிப் போயிற்று. இரும்புக் கைப்பிடியில் அவர் தலை மோதியது. இரண்டாம் மாடியில் நாங்கள் ஜேட்டு என்று கூப்பிடும் வங்காளிப் பெரியவர் கதவைத் திறந்துகொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டு, “கீ ஹோலோ? கீ ஹோலோ?” என்று கத்தினார்.

அப்பாவின் தோளெலும்பு முறிந்திருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து புருவத்தில் நின்றது. அவரை நாற்காலியோடு கட்டியிருந்த பழைய சேலையை அம்மா அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “பிடிக்கத் தெரியாதவன் எதுக்குய்யா வாரான்?” என்று தூக்கிவந்தவர்களில் ஒருவர் சித்தப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். சித்தப்பா மேல்படியிலேயே நின்றுகொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார்.

அப்பா விழுந்து கிடந்தபடியே சித்தப்பாவிடம் கேட்டார். “கால் வழுக்கிச்சா, கை விட்டுச்சா?”

“வேர்வைண்ணே.”

“நெசத்தச் சொல்லு.”

“பிடிச்சுக்கிட்டுதாண்ணே இருந்தேன். தானா விரிஞ்சிட்டு.”

“எத்தன நாளா?”

சித்தப்பா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தோளெலும்பு முறிந்தபோதுகூட முனகாத மனிதர் அப்போதுதான் ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு, “இனிமே நீ என்னத் தூக்க வேண்டாம்” என்றார்.

அப்பா சித்தப்பாமேல் கோபமாக இருக்கிறார் என்று நானும் அண்ணனும் புரிந்துகொண்டோம். எங்களுக்கும் கோபம்தான். இருக்கிறவர்களில் ஒல்லியான ஆள், ஒருநாளும் ஏரிக்கரைக்கு வராத ஆள், அவர் கையில் அப்பாவைக் கொடுத்தது தப்பு என்று பேசிக்கொண்டோம்.

கட்டுப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அப்பா அண்ணனைக் கூப்பிட்டார். கட்டில்லாத கையின் இரண்டு விரல்களை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“இறுக்குலே.”

அண்ணன் இறுக்கினான்.

“இன்னும்.”

“வலிக்கும்பா.”

“வலிக்கட்டும்லே. இறுக்கு.”

விரல் நுனி வெளுக்கும்வரை அண்ணன் இறுக்கினான். அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னையும் பிடிக்கச் சொல்லுங்க என்று போய் நின்றேன். “அவ சின்னப்பிள்ள, அவள விடுங்க” என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. எதற்கென்று தெரியவில்லை. அப்பா விரலை நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். “நல்லா இருக்கு பிள்ள, நல்லா இருக்கு” என்றார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டியும் மடக்கியும் பார்த்துக்கொண்டேயிருந்தார். பலப்பரீட்சையில் ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் குதித்துக்கொண்டு விளையாடப் போனேன்.

அது குடும்பத்தில் இறங்கி வரும் நோய் என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். ஊரில் வாதம் என்று சொல்லிக் கட்டிலில் கிடந்து செத்துப்போன தாத்தாவுக்கும் அதுதான். சித்தப்பாவின் கைக்கும் அது வந்துவிட்டது என்பது அந்தப் படிக்கட்டில்தான் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா அந்த வருடக் கிறிஸ்துமஸைப் பார்க்கவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் இதுவரை ஒன்றுமில்லை. சித்தப்பா இன்று சக்கர நாற்காலியில், நியூ டவுனில் ஒரு தரைத்தள வீட்டில் இருக்கிறார்.

ஆனால் அந்தக் குருத்தோலை ஞாயிறு நடந்தபோது சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரில் ஒரு டீச்சர். மே மாதம் கல்யாணம். எனக்குப் பட்டுப்பாவாடைத் துணிகூட கரியாஹாட் கடைத்தெருவில் எடுத்தாகிவிட்டது. ஈஸ்டர் முடிந்த கையோடு சித்தப்பா கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெண்வீட்டார் போனில் ஏசினார்கள். அவர் காரணம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட முடியாது என்றவர்களையெல்லாம் பேசிப்பேசி ஓடவைத்த அப்பா, தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

பாவாடை போன துக்கம் எனக்கு. பால்கனிக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன்.

“அப்பாவக் கீழ போட்டதுக்காகவா கல்யாணம் வேண்டாங்கீங்க?”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஆமா பிள்ள.”

மன்னிப்பதுதான் விசுவாசிக்கு அழகு என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்திருந்தார்கள். என்னால் முடிந்த பெரிய காரியத்தைச் செய்துவிடத் தீர்மானித்தேன்.

“நான் உங்கள மன்னிச்சிட்டேன் சித்தப்பா.”

சித்தப்பா துணிகளைக் கீழே வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார். “ரொம்ப தேங்க்ஸ்” என்று சொல்லி, பெரியவர்களுக்கு நீட்டுவதுபோலக் கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன். அவர் விரல்கள் என் கையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. என் மன்னிப்பை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து நானே இறுக்கிப் பிடித்தேன்.