கடலுக்குப் போன கடம்பு

அப்துல் வஹீது போகிற இடமெல்லாம் முதலில் எதையாவது திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். டாக்டரிடம் போனால் அவர் மேசையின் இழுப்பறையைப் பார்ப்பார். தட்டுவார், முகர்வார், "இது எந்த மரமுங்க?" என்று கேட்காமல் நகர மாட்டார். கேட்கப்பட்டவருக்குப் பதில் தெரியாது, கேட்கிறவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எதற்குக் கேட்கிறார் என்று மனைவி சாயிரா பானு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

சிங்காநல்லூரில் அவருக்குப் பேட்டர்ன் பட்டறை இருக்கிறது. பவுண்டரியில் ஒரு பம்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து தருவதுதான் பேட்டர்ன் வேலை. மரத்தை மண்ணில் பதித்து எடுப்பார்கள். விழுகிற பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு பம்பாகி ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் இறைக்கும். மரம் மண் தட்டப்பட்டுப் பரணுக்குத் திரும்பும். கோபிசெட்டிபாளையத்து வாழைத்தோப்புகளில் ஓடுகிற எத்தனையோ பம்புகள் வஹீது செதுக்கிய மரத்தில் பிறந்தவை. ஆனால் அந்த மரங்களில் ஒன்றுகூட ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டதில்லை. காணவும் கூடாது, கண்டால் உப்பி அளவு கெட்டு அடுப்புக்குத்தான் போகும்.

இந்தத் தொழிலில் இன்னொரு சங்கதி உண்டு. உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யார் உட்கார்ந்து கணக்குப் போடுவது? ஸ்கேலையே கொஞ்சம் நீட்டி வைத்துவிட்டார்கள். பார்வைக்குச் சாதாரண ஸ்கேல்தான், கோடுகள் மட்டும் துளித் துளியாகத் தள்ளி நிற்கும். இரும்புக்கு ஒரு ஸ்கேல், பித்தளைக்கு ஒரு ஸ்கேல். இரண்டும் வஹீதின் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

மகள் ரிஃபானாவைக் கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் ரைஹானுக்கு மீன்பிடிப்புதான் தொழில். ஓடைக்கரை மணலில் அவனுக்கு மரப்படகு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வஹீது போனபோது சம்பந்தி வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. இவர் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"மேஸ்திரி, வரைபடம் எங்கீங்க?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

படகு கட்டுகிற நிஜாம் மேஸ்திரி பல் தெரியச் சிரித்தார். "அதெல்லாம் ஏதுண்ணே? ஒரு பலகையை வளைச்சுக் கட்டுனா அடுத்த பலகை எங்க வரணும்னு அதுவே சொல்லும்."

வஹீதுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படமே இல்லாமல் இத்தனை பெரிய பொருளா? எந்தப் பக்கம் எவ்வளவு வளைவது என்று யார் முடிவு செய்தது? இடம் வலம் இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன? கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்குகளில் நூல்திரியை வைத்து உளியால் இடித்துக்கொண்டிருந்தார்கள். நூல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கோயமுத்தூர்ப் பக்கத்து மில்லிலிருந்து என்றதும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, பலகையை நெருக்கி அடிச்சுபோட்டா இந்த இடுக்கே இருக்காதில்லைங்க? எதுக்கு எடம் உடறீங்க?"

"தண்ணில இறங்கட்டும், அப்புறம் சொல்றேன்."

இந்தப் பதில் வஹீதைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஊருக்குத் திரும்பிய பிறகும் சாப்பிடும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

படகின் பின்மரத்தில் பெரிய துளை ஒன்று இருந்தது. அதில் ஒரு பித்தளைக் குழல் இறங்க வேண்டும். இன்ஜினையும் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியையும் இணைக்கிற தண்டு அதற்குள்தான் சுழலும். வழக்கமாக வாங்குகிற இடத்திலேயே வாங்கலாம் என்றது ரைஹான் வீடு. "எங்கத்தா செஞ்சு தருவாருங்க" என்று ஒற்றைக்காலில் நின்றவள் ரிஃபானா. வஹீதுக்குத் தலைகால் புரியவில்லை. படகைப் பார்க்கப் போயிருந்த அன்றே துளையைத் தானே அளந்துகொண்டார். பித்தளைக் குழல்தானே என்று இரும்பு ஸ்கேலைத் தள்ளிவிட்டு, கவனமாகப் பித்தளை ஸ்கேலை எடுத்து அளந்தார்.

மஞ்சக்கடம்பு மரத்தில் பேட்டர்ன் ஆனது. பவுண்டரியில் குழல் வார்த்து, தண்டு போகிற உட்புறத்தை மட்டும் லேத்தில் கடைந்தார்கள். மரத்துக்குள் உட்கார்கிற வெளிப்புறத்தை வார்த்தபடியே விட்டார்கள். பார்சல் லாரியில் ஏற்றிவிட்டு வந்தவர் அன்று சாயிரா பானுவிடம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ரிஃபானாவின் போன் வந்தபோது அவர் பட்டறையில் இருந்தார்.

"அத்தா, கொழல் ஆடுதுங்க."

"ஆடுதா? நல்லா உள்ள தள்ளிப் பாத்தீங்களா கண்ணு?"

"முழுசா உள்ள போயிருச்சுங்கத்தா. போயும் லொடலொடங்குது. சுத்தீலும் எடம் இருக்குது."

அப்படி ஆக வழியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கை பழக்கமாகச் சட்டைப் பைக்குப் போனது. பித்தளை ஸ்கேல் விரலில் பட்டது. அப்போதுதான் புரிந்தது. பேட்டர்ன் செய்வதற்கான ஸ்கேலை வைத்துத் துளையை அளந்திருக்கிறார்! நீட்டிய ஸ்கேலால் அளந்தால் துளை சின்னதாகத்தான் காட்டும். அந்த அளவில் வார்த்த குழலும் சின்னதாகத்தான் வரும். ஊரில் வேறு எவனும் செய்ய முடியாத தப்பு. அதற்கு இந்த ஸ்கேல் வேண்டும், இந்தத் தொழில் வேண்டும், இத்தனை கவனமும் வேண்டும். வஹீதுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"அத்தா, நாளன்னைக்குப் பௌர்ணமிங்க" என்றாள் ரிஃபானா. அவள் குரல் தேய்ந்திருந்தது.

பௌர்ணமி ஏற்றத்தில்தான் அந்த ஓடையில் படகு மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் வரும். அதை விட்டால், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஊர்ப் படகெல்லாம் கடலுக்குப் போகும்போது ரைஹானின் படகு மட்டும் மணலில் நிற்கும். பார்க்கிற ஒவ்வொருவரும் அவள் அப்பனைப் பற்றிக் கேட்பார்கள். புதிதாக வார்க்க நேரமில்லை. "நா வாரேன் கண்ணு" என்றார். போய் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. பேட்டர்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தப்பு எப்படி நடந்தது என்று காட்டவாவது கையில் ஒரு பொருள் இருக்கட்டும் என்று நினைத்தார்.

மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நிஜாம் ஸ்கேலை வாங்கி, தன் டேப்பின் பக்கத்தில் வைத்து, கோடுகள் விலகிப் போவதை அதிசயமாகப் பார்த்தார். பிறகு மரப் பேட்டர்னை எடுத்துத் துளைக்குள் செருகினார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. அசையவே இல்லை.

"அட! நீங்க செஞ்சதெல்லாம் சரிண்ணே. பித்தளைதான் சுருங்கிடுச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். வஹீதுக்குச் சிரிப்பு வரவில்லை. ரைஹானுக்குப் பக்கத்தில் நின்ற ரிஃபானாவும் சிரிக்கவில்லை.

சிரித்து முடித்த மேஸ்திரி மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "நல்லாக் காஞ்ச மரம். இழைச்சுக்கலாமாண்ணே?"

பேட்டர்னில் இழைப்புளி வைக்கச் சொல்லி வஹீதிடம் கேட்க ஒரு தைரியம் வேண்டும். முப்பாட்டன் காலத்துப் பாத்திரத்தை உடைக்கலாமா என்று கேட்பது போலத்தான் அது. பரணில் அத்தனை மரத்தையும் பூச்சி அண்டாமல் காத்து வைத்திருக்கிறவர் அவர். மகளைப் பார்த்தார். "நானே இழைக்கறனுங்க" என்று கையை நீட்டினார்.

நீளமான, மெல்லிய சீவல்களாகக் கடம்பு சுருண்டு விழுந்தது. மேஸ்திரி குங்கிலிய எண்ணெயைப் பித்தளையில் தடவி, சீவலை வரிவரியாகச் சுற்றி, மேலே கோயமுத்தூர் நூலை இறுக்கினார். குழலைத் துளைக்குள் வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். இந்தத் தடவை அது ஆடவில்லை. ஆனால் மணலில் ஆடாதது தண்ணீரில் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

பௌர்ணமிக் காலை ஏற்றத்தில் படகை இறக்கினார்கள். வஹீது கரையில் நிற்கவில்லை. உள்ளே ஏறி, பின்மரத்தருகே குப்புறப் படுத்துக்கொண்டார். தண்ணீர் தொட்டதுதான் தாமதம், குழலைச் சுற்றி ஈரம் துளிர்த்தது. பலகை இடுக்குகளிலும் துளிர்த்தது. "மேஸ்திரி! எல்லாப் பக்கமும் வருதுங்க!" என்று கத்தினார்.

"வரட்டும்ணே. காஞ்ச மரம், குடிக்கட்டும். குடிச்சா உப்பும், உப்புனா தானா இறுக்கும். இடம் விடாம அடிச்சா உப்புற மரம் ஒன்னையொன்னு நெட்டிப் பிதுங்கிடும். அன்னைக்குக் கேட்டீங்களே."

வஹீது விரலைக் குழலின் விளிம்பில் வைத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார். ஈரம் குறைந்த மாதிரி இருந்தது, நம்பவில்லை. வெயில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மரம் உப்பக்கூடாது என்றே வாழ்நாள் முழுக்கப் பயந்தவர், உப்பு, உப்பு என்று அந்தக் கடம்பைக் கெஞ்சிக்கொண்டு கிடந்தார்.

"அத்தா, கசியுதுங்களா?" கரையிலிருந்து ரிஃபானா கேட்டாள்.

அவர் எழுந்து நின்று விரலை உயரத் தூக்கிக் காட்டினார். அது காய்ந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஆனாலும் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீடு திரும்பியதும் சாயிரா பானு கேட்டாள்: "அவ்வளவு தூரம் போனீங்களே, கடல் எப்படிங்க இருந்துச்சு?"

வஹீது சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். உண்மையில் கடலின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"நா எங்க அம்மணி பாத்தேன்?" என்றார். "நம்ம கடம்பு போயிருக்குதே, அது பாக்கட்டும்."