ஏழு முட்டைகளும் வெங்காயச் சருகுத் தண்ணீரும்

காலை 9.40, தாம்பரம். விழுப்புரத்திலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் இருபது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் இறங்கும்போதே ஏப்ரல் வெயில் பிடரியில் உட்கார்ந்துகொண்டது. அன்று புனித சனி. மறுநாள் ஈஸ்டர், உயிர்ப்பு ஞாயிறு.

ஊர் சுற்றிப் பார்த்ததையும், அங்கங்கே கண்ட அறிவியல் விநோதங்களையும் ஒரு சின்னப் பத்திரிகையில் எழுதுவது என் வழக்கம். அதைப் படித்துவிட்டுக் கோவிலம்பாக்கத்திலிருந்து மெர்சி என்ற அறிவியல் ஆசிரியை கடிதம் எழுதியிருந்தார். "வெங்காயச் சருகில் முட்டைக்குச் சாயம் ஏற்றி, அதில் இலையின் அச்சை எடுப்பேன். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். நேரில் வந்து பாருங்கள்." எனக்கு இந்த மாதிரி அழைப்பு வந்தால் கால் வீட்டில் நிற்காது.

ஜி.எஸ்.டி சாலைப் பக்கம் வந்து ஆட்டோ பேசினேன். பதின்மூன்று கிலோமீட்டர். நானூறு ரூபாயில் தொடங்கி முந்நூற்று இருபதுக்கு இறங்கினார் ஓட்டுநர். எதற்காகப் போகிறேன் என்று சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"முட்டைக்கு சாயம் அடிக்கிறத பாக்கவா விழுப்புரத்துலருந்து வந்துகினு கீற?"

"ஆமாங்க."

"நம்ம வூட்ல தெனமும் ஆம்லெட் போடுறாங்க. அதுக்கு ஒரு ஆளும் வந்து எழுதல."

10.15, குரோம்பேட்டை. சிக்னலில் வண்டி நின்றபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. இந்த ஊர்ப் பெயரே தோல் பதனிடும் குரோமியத்திலிருந்து வந்தது, இங்கே ஒரு காலத்தில் குரோம் தோல் தொழிற்சாலை இருந்தது என்று ஓட்டுநருக்கு வகுப்பு எடுத்தேன். "நான் பொறந்ததே இங்கதான்க்கா" என்றார். அதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். ஒரு பேக்கரியில் நிறுத்தச் சொல்லி, புனித வெள்ளிக்குப் போட்டு மிஞ்சிய சிலுவை பன் இரண்டும், முட்டை வடிவ ஈஸ்டர் இனிப்பு ஒன்றும் வாங்கினேன். பன் முப்பது ரூபாய், இனிப்பு நாற்பது. வெளிநாட்டில் பாதாமில் செய்யும் இந்த இனிப்பை இங்கே முந்திரியில் செய்கிறார்கள். எனக்கென்னவோ முந்திரிதான் பிடித்திருந்தது.

பல்லாவரத்தில் வலதுபுறம் திரும்பி, ரேடியல் சாலையில் கீழ்க்கட்டளையைத் தாண்டினோம். 10.55க்குக் கோவிலம்பாக்கத்தில் மெர்சி டீச்சர் வீட்டு வாசலில் இறங்கினேன்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். வேகமாகப் பேசி, அதைவிட வேகமாக வேலை செய்கிறவர். சமையலறையில் முப்பது நாட்டுக்கோழி முட்டைகள் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய வெங்காயச் சருகு. தவக்காலம் நாற்பது நாளும் சேர்த்தாராம்.

"மேடம், மெத்தட் சிம்பிள். முட்டைய வினிகர் தொட்ட துணியால நல்லா துடைக்கணும். ஓடு லேசா சொரசொரப்பாகும், அப்பதான் கலர் பிடிக்கும். அப்புறம் ஒரு இலைய ஒட்ட வெச்சு, பழைய புடவைத் துண்டுல இறுக்கிக் கட்டி, சருகுத் தண்ணியில போட்டு வேக வெச்சா போதும். இலை இருந்த எடம் மட்டும் வெள்ளையா நிக்கும்."

பிறகு படுக்கையறைக்குக் கூட்டிப்போய் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் காட்டினார். மீன் வரும் பெட்டி. மூடிய பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருப்பதாகச் சொன்னார்; வெளியே தெரிகிற மாதிரி வெப்பமானி. அவரே செய்த அடைகாக்கும் பெட்டி.

"பக்கத்து வூட்டு தேவகியோட கோழி அடையில இருக்கும்போதே செத்துப்போச்சு. ஏழு முட்டை அநாதையா நின்னுது. பாவம், அழுதுட்டா. அதான் நான் வாங்கி வெச்சேன். நாளைக்கு இருபத்தோராவது நாள். கரெக்டா ஈஸ்டர் அன்னிக்கு!"

திறந்து காட்டச் சொன்னேன். கடைசி மூன்று நாள் திறக்கக் கூடாது, ஈரப்பதம் போய்விடும் என்று மறுத்துவிட்டார். அதனால் அந்த ஏழு முட்டைகளையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்காகச் சொல்லவில்லை, நடந்தது அப்படித்தான்.

12.10. மின்சாரம் போனது. அப்போது நான் இலை பறிக்க மொட்டைமாடியில் இருந்தேன். தொட்டியில் வளர்ந்த வெந்தயக்கீரை, வேப்பங்கொழுந்து, மாடிக்கு எட்டிய முருங்கைக் கிளை. ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்ததில் கால் மணி நேரம் ஓடிவிட்டது. கீழே வந்தபோது டீச்சரைக் காணவில்லை. தெருமுனையில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் கேட்டுவரப் போயிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. சமையல் மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் கூடையில் பஞ்சுக்கு நடுவே ஏழு முட்டைகள் இருந்தன.

சாயத்துக்கு மிச்சம் இருக்கும் முட்டைகள் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கடைக்காரர் கிறுக்கல் என்று முடிவு செய்தேன். தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. அடுப்புப் பக்கம் இருந்தால் சுடத்தானே செய்யும் என்று அதற்கும் எனக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? ஏழையும் எடுத்துத் தாம்பாளத்தில் மற்றவற்றோடு கலந்தேன். வினிகர்த் துணியால் ஒவ்வொன்றையும், பென்சில் குறி துளிகூடத் தெரியாதபடி, சுத்தமாகத் துடைத்தேன். டீச்சர் வருவதற்குள் வேலையை முடித்து ஆச்சரியப்படுத்தலாம் என்ற ஆசையில் பன்னிரண்டு முட்டைகளுக்கு இலை ஒட்டி, துணி கட்டி, சருகுத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பாத்திரத்திலிருந்து ஆவி எழும்பினால் படம் நன்றாக வரும் என்று போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

12.50. டீச்சர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "இன்வெர்ட்டர் கிடைச்சிடுச்சு மேடம், பெட்டியத் தூக்கிட்டுப் போயிடலாம்..." என்றவர் கூடையைப் பார்த்து நின்றார்.

"பல்பு அணைஞ்சுதேன்னு பெட்டியிலருந்து எடுத்து இதுல சூடா வெச்சேனே, அந்த முட்டை எங்க?"

நான் தாம்பாளத்தைக் காட்டினேன். பிறகு பாத்திரத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"ஐயோ, கர்த்தரே" என்று டீச்சர் பாய்ந்து அடுப்பை அணைத்தார். அதே நேரத்தில், தண்ணீரில் மிதந்த துணி மூட்டைகளில் ஒன்று தானாக அசைந்தது. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, அலைகூட இல்லை. மூட்டை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. உள்ளே இருந்தது உதைத்தது. என் கையிலிருந்து போன் நழுவி மேடையில் விழுந்தது.

டீச்சர் விரலைத் தண்ணீரில் விட்டார். "பச்சப் புள்ளைய குளிப்பாட்டுற சூடுதான். சீக்கிரம் எடுங்க, சீக்கிரம்!" இருவரும் கையை விட்டு மூட்டைகளை வாரினோம். முடிச்சுகளை நான்தான் இறுக்கமாகப் போட்டிருந்தேன். அவிழவே இல்லை. டீச்சர் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினார்.

இனி எது கடை முட்டை, எது குஞ்சு முட்டை? எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அடையாளம் இருந்தது, அதை அழித்தவள் நான். படுக்கையறை ஜன்னலில் புடவையைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். ஃபேன் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. போன் டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார் டீச்சர். கடை முட்டை முழுவதும் ஆரஞ்சு விளக்காக ஒளிரும். குஞ்சு முற்றிய முட்டையோ மேலே கொஞ்சம் காற்றறை மட்டும் வெளிச்சம் விட்டு, மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவள், பத்திரிகையில் எழுதியவளும்கூட.

"இது வெளிச்சம். இதுவும் வெளிச்சம். இது... இருட்டு. ஒண்ணு."

ஆறு கிடைத்தன. எல்லாவற்றையும் மறுபடி எண்ணினோம். முப்பத்தாறு. ஒன்று குறைந்தது.

சமையலறைக்கு ஓடிப் பாத்திரத்திலிருந்த சருகுகளை இரு கையாலும் வெளியே அள்ளிப் போட்டேன். முற்றிய முட்டைக்குள் காற்று அதிகம், அதனால் அது மேலே எழும்பும். எழும்பிய மூட்டை, தடித்த சருகுப் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் கூடுதலாக அந்தத் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறது. துணியை வெட்டினோம். ஓட்டின் மேல் வெந்தய இலையின் அச்சு லேசாக விழத் தொடங்கியிருந்தது.

பொரிக்கும் நாள் நெருங்கினால் குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். டீச்சர் ஆறு முட்டைகளையும் காதருகே வைத்துக் கேட்டார். நான்கில் கீச்சுச் சத்தம், இரண்டில் அசைவு. ஏழாவதை வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு அதை என் காதில் வைத்தார். என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

இன்வெர்ட்டர் வீட்டுக்குக் கிளம்புவதற்குள், 1.35க்கு மின்சாரம் வந்தது. ஏழும் பெட்டிக்குள் போயின.

பிற்பகல் 3.10. தேவகி வந்தார். ரேடியல் சாலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போனார்.

"இன்னா டீச்சர், என் புள்ளைங்கோ எப்பிடி கீதுங்க?"

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கரண்ட் போயிடுச்சு தேவகி. ஆறு நல்லா இருக்கு. ஒண்ணுதான் கொஞ்சம் சந்தேகம்."

வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. நான் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். "பேஜாரு புடிச்ச கரண்டு" என்று தேவகி திட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சாப்ட்டியாக்கா? மூஞ்சி வாடிக் கீது" என்றார்.

4.00. மறுபடி கட்டி வேகவைத்து எடுத்த, இலை பதித்த முட்டைகள் நான்கை டீச்சர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கத்திரிக்காய் நிறமும் செங்கல் நிறமும் கலந்த ஓட்டில் வேப்பிலை நரம்பு நரம்பாக நின்றது. அவ்வளவு அழகு. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். வழியெல்லாம் என் பக்கத்து நியாயங்களை அடுக்கிப் பார்த்தேன். கூடையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாம். டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மின்சாரம் போனதும் உண்மைதானே. எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தேன்.

5.25. விழுப்புரம் ரயில் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் இடமும் பிடித்தேன். வண்டி நகரத் தயாரானபோது எழுந்து இறங்கிவிட்டேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். அந்த இருக்கையில் மூன்று மணி நேரம் என்னோடு நானே உட்கார முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

6.40. மறுபடி கோவிலம்பாக்கம். இந்த முறை ஆட்டோ முந்நூற்று ஐம்பது, பேரம் பேசவில்லை. தேவகி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, பென்சில் குறி, வினிகர், அடுப்பு, தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறங்கியது. "கரண்ட் இல்லைங்க, நான்தான்" என்று முடித்தேன். டீச்சர் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தேவகி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியின் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "காத்தால வரிக்கும் இரு" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

இருந்தேன். டீச்சர் நள்ளிரவுத் திருவிழிப்புப் பூசைக்குப் போய்வந்தார். நான் பாய் விரித்துக் கண்ணை மூடினேன், தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு காலை 5.50. முதல் ஓடு உடைந்தது. எட்டு மணிக்குள் ஆறு குஞ்சுகள், ஈரமாக, தள்ளாடிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. கோயில் மணிச் சத்தம் தெருவில் கேட்டது. டீச்சர் தட்டு நிறைய வண்ண முட்டைகளோடு பிள்ளைகளிடம் கிளம்பிப் போனார். ஏழாவது முட்டை அப்படியே இருந்தது, இளமஞ்சளாக, ஒரு பக்கம் வெந்தய இலை பதிந்து. பத்து மணிக்குத் தேவகி அதை எடுத்து டார்ச்சில் வைத்துப் பார்த்தார். காதில் வைத்தார். பிறகு தன் முந்தானையில் வைத்துச் சுற்றினார்.

நான் அழுதுவிட்டேன். எழுத்தாளர், அறிவியல், விநோதம், எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "மன்னிச்சிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தேவகி முந்தானை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, நான் உண்மையைச் சொன்னதற்குப் பிறகு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"என் கோழி எப்பிடி செத்துச்சின்னு டீச்சர் சொல்லிகிறாங்களா? தண்ணி குடிக்க அடையிலருந்து எந்திரிச்சு ரோட்டுப் பக்கம் போச்சு. ஒருத்தன் கார ஏத்திட்டான். நான் கத்திகினே ஓடுறேன், அவன் நிறுத்தக்கூட இல்ல. நீ தாம்பரம் வரிக்கும் போய்ட்டு திரும்பி வந்துகிற." சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு குஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். "மெதுவா புடி."